காலி என்று சொன்ன டிஸ்க்

பழைய டிஸ்க் ஒன்றை இன்றைய மதர்போர்டில் மாட்டினால், அது காலி என்று கணினி சொல்லும். பல தடவை அது பொய். கணினி திருத்தும் இந்த மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் நான் முதலில் சொல்ல விரும்புவது அதுதான்.

அடுத்த மாதத்திலிருந்து எனக்கு வேறு இடத்தில் வேலை. போவதற்கு முன் ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போகும்படி கடை முதலாளி அண்ணை கேட்டார். எந்த ஸ்குரூவை எங்கே கழற்றுவது, எந்தக் கேபிளை எங்கே செருகுவது என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதை உங்கள் ஃபோனிலேயே பார்த்துக்கொள்வீர்கள். ஃபோனில் கிடைக்காத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

நான் ஜிந்துப்பிட்டியில் பிறந்தவள். அப்பா புறக்கோட்டையில் மூட்டை சுமந்த நாட்டாமி. அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததே நான்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள், டிப்ளோமா வாங்கிய முதல் ஆள் நான். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். அந்தப் பெருமையோடு ஒரு பிடிவாதமும் வந்து ஒட்டிக்கொண்டது. கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று நான் யாருக்காகவும் சொல்ல மாட்டேன். அந்தப் பிடிவாதம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மின்வெட்டுக் காலம் அது. பெற்றோலுக்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. ஒரு காலை நேரம் தகப்பனும் மகளுமாக இரண்டு பேர் நம் கடைக்கு வந்தார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார்கள். தகப்பனுக்கு மூச்சு வாங்கியது. கதிரையில் உட்கார்ந்து நிதானமானதும் அவர்தான் முதலில் பேசினார். என்னையும் மகள் என்றே கூப்பிட்டார்.

“மகள், நான் துறைமுகத்துல கிரேன் ஓட்டினவன். இப்ப எனக்குள்ள ஒரு பாட்ஸ் பழுது. ஆஸ்பத்திரி மெக்கானிக்குக்குப் பழைய படம் வேணுமாம்.”

“அப்பா, சும்மா இருங்க” என்றாள் மகள் ரொஷானி. பழைய துவாயில் சுற்றி வைத்திருந்த டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தாள். அகலப் பட்டைக் கேபிளில் வேலை செய்யும் பழைய வகை. இன்றைய மதர்போர்ட் எதிலும் அதற்கான வாய் கிடையாது.

விடயம் இதுதான். அவருடைய நெஞ்சு எக்ஸ்ரேயில், வலப்பக்கம் மேலே, விரல் நுனியளவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அது பழைய தழும்பா, புதிதாக வளர்வதா என்று டொக்டருக்குத் தெரிய வேண்டும். ஊசியால் எடுத்துச் சோதிக்கலாம் என்றால், அந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் சாமான் இல்லை. ஒபரேஷன்களையும் குறைத்துவிட்டிருந்தார்கள். “பழைய எக்ஸ்ரே இருக்கா? அதுல இதே புள்ளி இருந்தா பயமில்ல, விட்டிடலாம். இல்லாட்டி உடனே வெட்டணும், நான் சண்டை பிடிச்சாவது இடம் வாங்கித் தருவேன். படமே இல்லாட்டி மூணு மாசம் பொறுத்து இன்னொண்டு எடுத்துத்தான் பார்க்கணும்” என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.

பழைய எக்ஸ்ரே ஒன்று எடுக்கப்பட்டிருந்தது. பல வருடங்களுக்கு முன் அவர் கட்டாருக்குப் போக முயன்றபோது, வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைச் சோதிக்கும் ஒரு சின்ன இடத்தில் எடுத்தது. ஏஜென்சிக்காரன் ஓடிப்போய்விட்டதால் முடிவு அவர் கைக்கு வரவே இல்லை. அந்த இடமும் பிறகு மூடப்பட்டுவிட்டது. அங்கே வேலை செய்த ஒருவருடைய வீட்டைத் தேடிப் பிடித்து, அவர் அலுமாரியின் மேல் போட்டு வைத்திருந்த டிஸ்க்கை ரொஷானி வாங்கி வந்திருந்தாள். எக்ஸ்ரேக்கள் இருந்த கணினியின் மற்றப் பாகங்களை, பழைய சாமான் வாங்கும் போத்தல் பத்தரக்காரனுக்கு எப்போதோ போட்டுவிட்டார்களாம்.

“புள்ளி அதுல இருக்கும் மகள்” என்றார் தகப்பன். “சீமெந்துக் கப்பல்ல வேலை செய்த காலத்துல எனக்கு நெஞ்சுச் சளி கட்டிச் சாகக் கிடந்தேன். அந்தத் தழும்புதான் இது. எனக்குத் தெரியும்.”

டிஸ்க்கை அடப்டர் வழியாக நம் கணினியில் மாட்டினேன். சுற்றியது. ஆனால் சுற்றும் சத்தம் சீராக இல்லை. இடையிடையே ஒரு தட்டல். திரையில் பெட்டி ஒன்று வந்தது. டிஸ்க்கில் ஒன்றும் இல்லை, ஃபோர்மட் செய்யவா என்று கேட்டது.

பின்னால் நின்ற அண்ணை பெருமூச்சு விட்டார். “காலி பிள்ளை. ஆரோ முதலே அழிச்சுப்போட்டாங்கள். ஃபோர்மட் அடிச்சிட்டு, பிறகு ரிகவரி சொஃப்ட்வெயார் ஒண்டைப் போட்டுப் பாப்பம். வந்தா வரட்டும்.” சொல்லிக்கொண்டே அவருடைய கை மவுஸுக்குப் போய்விட்டது.

நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். முதலாளியின் கையைப் பிடிப்பது எங்கள் பக்கத்துப் பெண்கள் செய்கிற காரியமல்ல.

“விடும் கையை.”

“அண்ணே, இத தொடாதீங்க.”

“முதலாளி நானோ நீரோ?”

“நீங்கதான். ஆனா இந்த டிஸ்க் காலி இல்ல.”

“என்னெண்டு தெரியும்?”

“இன்னும் தெரியாது. தெரியும் வரைக்கும் தொடாதீங்க.”

ரொஷானி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய தகப்பன் மட்டும் சிரித்தார். “கிரேன்லயும் இப்படித்தான் தம்பி. கீழ நிக்கிறவன் கைய உயர்த்தினா, மேல இருக்கிறவன் யாரா இருந்தாலும் நிப்பாட்டத்தான் வேணும்.” அண்ணை கையை எடுத்தார். முகம் மட்டும் கொஞ்ச நேரத்துக்குச் சரியாகவில்லை.

எனக்கு ஏன் சந்தேகம் வந்தது என்று சொல்கிறேன். அந்தப் பழைய எக்ஸ்ரே எடுத்த காலத்தில் கொழும்புக்கு வந்த கணினிகளில் பெரும்பகுதி, வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்டவை. மதர்போர்ட் பழையது. சந்தையில் கிடைத்த டிஸ்க்கோ புதியது, பெரியது. அவ்வளவு பெரிய டிஸ்க்கை முழுதாகக் காண அந்த மதர்போர்டுக்குத் தெரியாது. புது மதர்போர்ட் வாங்கிக் கொடுக்க யாரிடமும் வசதியில்லை. ஆகவே நம் தொழிலில் அன்றிருந்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். டிஸ்க்கின் தலைப்பகுதியில் ஒரு சின்ன உதவி நிரலை எழுதிவைத்தார்கள். கணினியை இயக்கியதும் அந்த நிரல்தான் முதலில் விழிக்கும்; விழித்து, மீதி டிஸ்க்கை மதர்போர்டுக்குத் திறந்து காட்டும். அது விழிக்காவிட்டால் டிஸ்க்கில் உள்ள எதுவும் எவர் கண்ணுக்கும் தெரியாது. அப்படியான டிஸ்க்கை அடப்டரில் மாட்டும்போது நிரல் உறங்கிக்கொண்டே இருக்கும். ‘காலி’ என்று கணினி சொல்வது அதனால்தான். நாம் ‘ஆம்’ என்று அழுத்தினால், அந்தத் தலைப்பகுதியின் மேல்தான் முதல் அடி விழும்.

டிஸ்க்கின் தலைப்பகுதியை மட்டும் எதையும் எழுதாமல் வாசித்துப் பார்த்தேன். உதவி நிரலின் பெயர் ஆங்கில எழுத்துகளில் அப்படியே கிடந்தது. திரையை அண்ணையின் பக்கம் திருப்பினேன். அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

இரண்டு வழிகள் இருந்தன. பழைய மதர்போர்ட் ஒன்றைத் தேடிப் பிடித்து, இந்த டிஸ்க்கையே மாட்டி நேரே இயக்கலாம். சில நிமிட வேலை. ரொஷானி அதைத்தான் கேட்டாள். “ஒரே ஒரு படம்தானே அக்கா. திறந்து அத மட்டும் எடுத்திடுங்க.” ஆனால் தட்டல் சத்தத்தோடு சுற்றும் டிஸ்க்குக்கு அது கடைசி இயக்கமாக இருக்கலாம். பழைய விண்டோஸ் எழும்பும்போதே அங்குமிங்கும் ஓடி எழுதும். மற்ற வழி, டிஸ்க்கை முழுவதுமாக அதே வகை இன்னொன்றுக்கு நகலெடுத்து, பிறகு நகலை இயக்குவது. அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். டொக்டரிடம் மறுநாள் பின்னேரம் போக வேண்டும். மத்தியானம் மின்வெட்டு வேறு.

நகலெடுப்பதென்று முடிவு செய்தேன். ஒருவர் அவசரப்படுத்தும்போது நமக்கும் அவசரம் தொற்றிவிடும். அவருடைய அவசரம் நியாயமானதாக இருக்கும்போது இன்னும் வேகமாகத் தொற்றும். அந்த நேரத்தில் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இது பிழையாய்ப் போனால், இன்னொரு தடவை முயல ஏதாவது மிஞ்சுமா? மிஞ்சாது என்றால் அந்த வழி வேண்டாம்.

“அண்ணே, இன்வேட்டர் வேணும்” என்றேன்.

“அது போட்டோகொப்பி மெஷினுக்குப் பிள்ளை. சோதினைப் பிள்ளையள் பேப்பர் அடிக்க வாசலில நிக்குதுகள்.”

“கரண்ட் போனா இது நிக்கும். நிண்டா திரும்பச் சுத்தாது.”

அண்ணை கதிரையைப் பார்த்தார். அங்கே தகப்பன், நமக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாதென்று, லேஞ்சியை வாயில் அழுத்திக்கொண்டு இருமலை அடக்கிக்கொண்டிருந்தார். அண்ணை எழுந்து போய் மெஷினை நிறுத்தினார். “பழுது. நாளைக்கு வாங்கோ” என்று வாசலில் நின்றவர்களிடம் சொன்னார். திரும்பி வந்து, “ஃபானையும் நிப்பாட்டுறன். எல்லாரும் ஒண்டா அவிவம்” என்றார்.

மத்தியானம் மின்சாரம் போனது. கடற்கரைப் பக்கமிருந்து காற்றும் வரவில்லை. டிஸ்க் ஓடியது. சில இடங்களில் சிக்கி, தட்டி, வாசிக்க மறுத்தது. மறுத்த இடத்தோடு நான் மல்லுக்கட்டவில்லை. அதை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போகவைத்தேன். பின்னேரம் வெளிச்சம் சாய்வதற்குள் நகல் முடிந்தது. அடப்டரைக் கழற்றியதும் டிஸ்க் நின்றது. பிறகு ஒருநாளும் அது சுற்றவில்லை.

ஆனால் நகலை இங்கே இயக்க முடியாது. அந்த எக்ஸ்ரே படங்கள் அந்த இடத்தின் சொந்த நிரலில் மட்டுமே திறப்பவை. அந்த நிரலோ அந்தப் பழைய விண்டோஸில்தான் ஓடும். எப்படியும் ஒரு பழைய மதர்போர்ட் தேவை. நம் கடையில் இருந்த ஒன்றை, இடத்தை அடைக்கிறதென்று முந்தின மாதம்தான் தூக்கிப் போட்டிருந்தோம். அப்போது எனக்குப் புதுக்கடை டைப்பிஸ்ட் மஹத்தயாவின் ஞாபகம் வந்தது. சிங்களவர்; மஹத்தயா என்றால் ஐயா. நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு படிக்கட்டின் கீழ் இருந்துகொண்டு சட்டத்தரணிகளுக்குக் காணி உறுதிகள் அடித்துக் கொடுப்பவர். இன்னமும் அகலப் பட்டைக் கேபிள் போட்ட கணினிதான் அவரிடம். ஒரு தடவை அதன் பவர் சப்ளையை நான் மாற்றிக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் காலை நானும் ரொஷானியும் போனோம். தகப்பனும் வரத்தான் ஆயத்தமாக நின்றார். “இந்தச் சனத்துக்குள்ள பஸ்ல ஏறி என்ன செய்யப் போறீங்க? வீட்ல இருங்க” என்று அவள் மறித்துவிட்டாள்.

நான் கேட்டதும் டைப்பிஸ்ட் மஹத்தயாவின் முகம் வெளிறியது. “மேக கியொத் மமத் இவரய் நங்கி” என்றார். இது போனால் நானும் முடிந்தேன், தங்கச்சி. அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த மதர்போர்ட் இறந்தால் அந்தக் காலத்தில் அவருக்கு இன்னொன்று வாங்க வழியில்லை. பெட்டியைத் திறந்து அவருடைய டிஸ்க்கைக் கழற்றி, அவர் கையிலேயே கொடுத்தேன். உங்கள் வேலை முழுவதும் இதற்குள்தான், இதை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நகலை மாட்டி இயக்கினேன். மதர்போர்ட் அதில் ஒரு துண்டைத்தான் கண்டது. அடுத்த கணம் உதவி நிரல் விழித்தது. ஒரு தடவை நீலத் திரை வந்து நின்றது. இரண்டாவது தடவை பழைய விண்டோஸ் எழும்பியது. எக்ஸ்ரே நிரல் திறந்ததும் பெயர்கள் வரிசையாக வந்தன. கட்டாருக்கும் குவைத்துக்கும் போக நின்ற எத்தனையோ பேர். “ரொஷானி, கொஞ்சம் அங்கால பாருங்க. இது மத்த ஆக்கள்ட நெஞ்சு” என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவளுடைய தகப்பனின் பெயரைத் தேடினேன். கொட்டாஞ்சேனையில் அந்தோனிகளுக்குக் குறைவில்லை. பிறந்த திகதியை வைத்துத்தான் பிடிக்க முடிந்தது.

படம் திறந்தது. ரொஷானி பெரிய மண்ணிற உறையிலிருந்து புது எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். மறுபடி எக்ஸ்ரேயைப் பார்த்தாள்.

திரையில், வலப்பக்கம் மேலே, ஒன்றுமில்லை.

நான் செய்த முதல் வேலை நம் நகலைச் சந்தேகித்ததுதான். வாசிக்க மறுத்த இடங்களை விட்டுவிட்டு வந்தேனே, இந்தப் படத்தின் துண்டொன்று அதில் போயிருக்குமோ? அப்படிப் போயிருந்தால் படத்தில் கறுப்புப் பட்டை விழும், அல்லது கோடு கோடாகக் கிழியும். மூடித் திறந்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். விலா எலும்புகள் ஒவ்வொன்றும் முழுசாக இருந்தன. நம் வேலையில் ஒரு பிழை இருந்துவிடக்கூடாதா என்று நான் ஆசைப்பட்ட ஒரே நாள் அதுதான்.

“அக்கா” என்றாள் ரொஷானி. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. “டிஸ்க் பழுதுன்னு சொல்லுவமா?”

நான் படத்தை இன்னொரு தடவை மூடித் திறந்தேன்.

“மூணு மாசம் பொறுக்கலாம்னு டொக்டரே சொன்னார்தானே. அப்பா ராத்திரி முழுக்கத் தூங்கல்ல. புள்ளி இருக்கும் புள்ளி இருக்கும்னு செபமாலையைப் பிடிச்சிட்டே இருந்தார். நீங்க பழுதுன்னு சொன்னா நம்புவார். உங்கள நம்புவார் அக்கா.”

“என்னால முடியாது.”

“உங்கட அப்பாவா இருந்தா?”

“அப்பவும் சொல்லமாட்டேன் ரொஷானி. இது அவர்ட நெஞ்சு. உங்கடயும் இல்ல, எண்டயும் இல்ல.”

அவளுடைய ஃபோன் அடித்தது. தகப்பன்தான். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என் கையில் திணித்துவிட்டு, படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள்.

“மகள், பாட்ஸ் கிடைச்சுதா?”

“கிடைச்சிருச்சு அங்கிள்.”

“புள்ளி இருக்குதானே?”

“அத டொக்டர்தான் பார்த்துச் சொல்லணும் அங்கிள்.”

“நீங்க பார்த்தீங்களா இல்லையா?”

“பார்த்தேன்.”

“இருக்கா?”

டைப்பிஸ்ட் மஹத்தயா தன் டிஸ்க்கைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் தெரியாதவர். ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது.

“இல்ல அங்கிள்” என்றேன்.

“ரொஷானி அழுறாளா?” என்று கேட்டார்.

“ஓம்.”

“நான் தைரியமாத்தான் கதைச்சேன்னு அவகிட்டச் சொல்லுங்க மகள்.”

அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே அவளிடம் சொன்னேன்.

அந்தப் படத்தை வைத்து டொக்டர் சொன்னபடியே சண்டை பிடித்தார். இடம் கிடைத்தது. ஒபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். பிறகு காய்ச்சல் வந்தது. சளி மற்ற நுரையீரலுக்கும் இறங்கியது. வெளியே வாங்கிவரச் சொல்லி மருந்துச் சிட்டைகள் எழுதிக்கொடுத்தார்கள். ரொஷானி பார்மசி பார்மசியாக ஏறி இறங்கினாள். சில மருந்துகள் கிடைத்தன. சில கிடைக்கவில்லை. அவர் வீட்டுக்குத் திரும்பவே இல்லை.

செத்த வீட்டுக்கு நானும் அண்ணையும் போனோம். கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் வெள்ளைக் கொடிகள் கட்டியிருந்தார்கள். துறைமுகத்து ஆட்கள் வெளியே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியின் பக்கத்தில் நின்ற ரொஷானி என்னைக் கண்டதும் நேரே வந்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

“அன்னைக்குப் பழுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, இப்ப அப்பா வீட்ல இருந்திருப்பார். சிகரெட் ஒளிச்சு வச்சதுக்கு என்னோட சண்ட பிடிச்சிட்டு இருந்திருப்பார்.”

“வாரும் பிள்ளை, போவம்” என்று அண்ணை என் முழங்கையைத் தொட்டார். நான் போகவில்லை. பெட்டி எடுக்கும் வரை அங்கேயே நின்றேன்.

அவள் சொன்னது உண்மையாக இருக்கலாம். இதை எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். பொறுத்திருந்தால் அந்தப் புள்ளி வளர்ந்திருக்கும், இன்னும் மோசமான சாவு வந்திருக்கும் என்று டொக்டர் சொல்லக்கூடும். வளரும் வரையான அந்த நாட்களை அவர் மகளோடு சண்டை பிடித்துக்கொண்டு வாழ்ந்திருப்பார் என்பதும் உண்மைதான். இரண்டில் எது பெரிதென்று கணக்குப் பார்க்க எனக்குத் தெரியாது. தெரியும் என்று உங்களிடம் நடிக்கவும் மாட்டேன்.

ஆனால் வேலையில் ஒன்றை மாற்றிக்கொண்டேன். அதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். யாராவது இன்னொருவருடைய டிஸ்க்கைக் கொண்டுவந்தால், அது யாருடையதோ அவரையும் வரச் சொல்லுங்கள். பஸ்ஸில் ஏற முடியாதவராக இருந்தால் இயந்திரத்தை அவரிடம் கொண்டுபோங்கள். அதற்குள் இருப்பதை முதலில் பார்க்க வேண்டியவர் அவர். எதிர்பார்த்தது இல்லாமலும் போகலாம், அப்போதும் பார்க்க வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் கேபிளைக் கழற்றிவிட்டு, டிஸ்க்கை அவர் கையில் கொடுத்து அனுப்புங்கள். வேண்டும் என்று சொன்னால், அண்ணை தடுத்தாலும் சரி, மின்சாரம் போனாலும் சரி, திறந்து காட்டுங்கள். அந்தோனி அங்கிளிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு ஓரளவு தெரியும். ஆனால் ரொஷானிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அவர் வாயாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

அவளை இப்போதும் பம்பலப்பிட்டியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது காண்கிறேன். அங்கே ஏதோ அலுவலகத்தில் வேலை செய்கிறாள் போலிருக்கிறது. என்னைக் கண்டால் அவள் ஃபோனைப் பார்க்கத் தொடங்குவாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. அவளுடைய பஸ் வந்து, அவள் ஏறிப் போகும் வரை அந்த இடத்திலேயே நிற்கிறேன்.